சனிக்கிழமை அறிக்கை

கேத்தலின் அடியில் சுண்ணாம்பு விரல் தடிப்புக்கு ஏறிவிட்டது.
ரேம்ருவாதா புளி கரைத்து ஊற்றித் தேய்க்கிறான்.
தேய்த்தபடியே பாடுகிறான்.
மிசோ மொழியில் எந்தப் பாட்டும்
மலை ஏறுகிறவன் மூச்சுவாங்குவதுபோலத்தான் எனக்குக் கேட்கும்.

கோப்பாயில் எங்கள் அறைக்கு ஒரு ஜன்னல்,
ஒரு லுமாலா சைக்கிள், ஒரு இரவல் சைக்கிள்,
காயும் முன்பே செம்மண் பிடித்துவிடுகிற
நான்கு வெள்ளைச் சட்டைகள்.

கடல் தாண்டித்தான் வந்தேன்.
திசையன்விளைச் சபையில் அம்மா எழுந்து நின்று
"வெளிநாட்டு ஊழியம்" என்று சாட்சி சொன்னாள்.
வெளிநாட்டில் எல்லோரும் தமிழ்தான் பேசுகிறார்கள் அம்மா.
தவறு. கதைக்கிறார்கள்.
நான் வாயைத் திறந்தால்
"படத்தில கதைக்கிற மாதிரி" என்று பிள்ளைகள் சிரிக்கின்றன.
"ரொம்ப" என்று இன்னொருக்கால் சொல்லச் சொல்லிக் கேட்கின்றன.

நான் தட்டுவது கதவு இல்லை, படலை.
அதைக் கற்க ஒரு வாரம்.
"பேந்து வாங்கோ" என்றால்
பிறகு வரவேண்டாம் என்று பொருள்.
அதைக் கற்க நான்கு மாதம்.

முதல் மாதம் ஒரு வீட்டில் கண்மூடி ஜெபித்து
"ஆமென்" என்று முடித்தேன்.
"ஓம்" என்றார் அந்த ஐயா, மிகவும் மரியாதையாக.
என்னை மறுத்தாரா என்று இரவெல்லாம் புரண்டேன்.
விடியப் பேக்கரியில்,
"ரெண்டு பாணோ?" "ஓம்."
"சூடா வேணுமோ?" "ஓம், ஓம்."
இரண்டு சொல்லும் ஒரே வாசலில்
செருப்பைக் கழற்றுகின்றன என்று
நோட்டில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன்.
நோட்டைப் பாஸ்டர் பார்ப்பார்.

ரேம்ருவாதாவுக்குத் தமிழில் நான்கு சொல்:
வணக்கம், தண்ணி, சந்தோசம், காணும்.
அவனுக்குப் படலைகள் திறக்கின்றன,
நாய்கள்கூட வாலாட்டுகின்றன.
என்னிடம் முழுத் தமிழும் இருக்கிறது.
நான் தொண்டையைச் செருமும்போதே
சொல்லப்போவது அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

வியாழன், நீர்வேலி.
"நாங்கள் சைவம் தம்பி" என்றார் சிவயோகம் அக்கா,
என்னைப் பார்க்காமல், வானத்தைப் பார்த்து.
கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது.
இரண்டு பரப்பு வெங்காயம் கிண்டியபடி தரையில்.
வருவதாகச் சொன்ன ஆட்கள் வரவில்லை.

நான் அடுத்த வசனத்தை யோசித்துக்கொண்டிருந்தேன்.
ரேம்ருவாதா காற்சட்டையை முழங்காலுக்கு மடித்துவிட்டான்.

அதன்பிறகு யாரும் கடவுளைப் பற்றிப் பேசவில்லை.
"உப்பிடிக் குனிஞ்சால் நாரி முறியும், குந்துங்கோ."
"தாளைச் சேர்த்துப் பிடியுங்கோ."
"கெதியா, கெதியா."
முதல் துளி விழுந்ததும் அக்கா ஓடிப்போய்
வேலியில் கிடந்த எங்கள் வேதப் புத்தகங்களை எடுத்து,
உரப்பையில் சுற்றி, ஒரு கணம் நின்று,
வீட்டில் ஒழுகாத இடம் எது என்று யோசித்து,
சாமி அறையில் வைத்தார்.

மழை விட்டபின் திருப்பித் தந்தார்.
அட்டையில் ஒரு விரல் அளவு திருநீறு.
துடைக்கக் கை போனது.
கையெல்லாம் சேறு.

இப்போது சனி இரவு. படிவம் விரித்திருக்கிறேன்.
சந்தித்த வீடுகள்: முப்பத்தொன்று.
கொடுத்த கைப்பிரதிகள்: பன்னிரண்டு.
ஜெபித்தவை: நான்கு.
விருப்பம் தெரிவித்தோர்:
ஜன்னல் ஆணியில் அக்கா தந்த வெங்காயப் பிடி
அறையையே நாறடிக்கிறது.
அதற்கு இந்தத் தாளில் கட்டம் இல்லை.
ஒரு எண் எழுதி அழித்தேன். இன்னொன்று எழுதினேன்.
தாள் அந்த இடத்தில் மெலிந்து கிழியப் பார்க்கிறது.

"காணும்" என்கிறான் ரேம்ருவாதா,
வெளுத்த கேத்தலைத் தூக்கிக் காட்டி.
எங்கள் ஊரில் காணும் என்றால்
ஏதோ தொலைந்துவிட்டது.
இங்கே, போதும் என்று அர்த்தம்.
அவன் எந்த ஊர்ச் சொல்லைச் சொன்னான் என்று கேட்கவில்லை.
பேனையை மூடிவிட்டுத்
தண்ணீர் வைத்தேன்.