மூன்று காரணங்கள்

மெய்ன் மாநிலத்துக் கடற்கரையொன்றில்
மணிக்குப் பத்தொன்பது டாலருக்குக்
கோட்டைக் காவல் காக்கிறேன்.
கோட்டை அல்ல, கோடு.
நாளுக்கு இரண்டு முறை அது கடலுக்குள் இறங்கிப் போய்
இரண்டு முறை ஏறி வரும்.
மூடுபனி விழுந்தால் கோடே தெரியாது.
அன்றைக்கும் சம்பளம் உண்டு.

உலர்ந்த மணல் லாத்ராப் குடும்பத்துடையது.
ஈர மணலும் அவர்களுடையதுதான்,
ஓதம் வற்றி நிற்கும் கடைசி இடம் வரைக்கும்.
ஆனால் ஈரத்தில் மட்டும்
மூன்று காரணங்களுக்காக யாரும் நடக்கலாம்:
மீன் பிடிக்க, பறவை சுட, படகு செலுத்த.
முந்நூற்றெழுபது வருடத்துக்கும் முன்னால்
குளிருக்குத் தொப்பி போட்ட யாரோ எழுதி வைத்தது.
சும்மா நடக்க என்று சேர்க்க அவருக்குத் தோன்றவில்லை.
அந்தக் காலத்தில் யார் சும்மா நடந்தார்கள்?

கடலுக்குக் கரை போடுவார் உண்டா என்பார்கள்.
போட்டிருக்கிறார்கள்.
நாலு முளை, ஒரு மஞ்சள் கயிறு, நான்.

வேலைக்குச் சேர்ந்த அன்று மேற்பார்வையாளர்
ஓத அட்டவணையும் விசிலும் கொடுத்துச் சொன்னார்:
"நின்றால் கேள். உட்கார்ந்தால் எழுப்பு.
துண்டு விரித்தால் எனக்கு போன் போடு."

நான் இந்தக் கரைக்காரன் இல்லை.
வடக்கே, காகித ஆலை ஊர்.
ஆலை போனது, நாற்றமும் கூடவே போனது.
நாற்றத்தைத் தேடியவர்களும் உண்டு.

வெர்னா பீல் தினமும் காலை ஆறு பத்துக்கு வருவாள்.
பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் நின்ற கால்கள்.
தோளில் தூண்டிற்கோல்.
அதில் நரம்பு இல்லை, முள் இல்லை.
"என்ன மீன்?" என்று கேட்டேன் முதல் நாள்.
"அது மீனுக்குத் தெரியும்."
"முள்ளே இல்லையே?"
"பிடிபட வேண்டும் என்று சட்டத்தில் போட்டிருக்கிறதா?"
இரவில் தேடிப் பார்த்தேன். போடவில்லை.

பதிவேட்டில் எழுதினேன்:
6.10. பெண், ஒருவர். மீன்பிடிப்பு. பிடிபட்டது: ஒன்றுமில்லை.
ஜூன் மாதம் இருபத்தாறு நாள் இதையே எழுதியதில்
என் கையெழுத்து திருந்திவிட்டது.

லாத்ராப் வருடத்தில் பதினொரு நாள் வருவார்.
அவர் வந்த ஏழாம் நாள்
வெர்னாவின் முட்டி அவளைக் கேட்காமல் மடங்கியது.
பாறையில் உட்கார்ந்தாள்.
மாடியிலிருந்து ஒரு கை நீண்டது,
அவளைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து.

நடந்தேன். நூற்றிருபது அடி.
அவ்வளவு தூரத்தில் ஒருவன் என்னென்னவோ யோசிக்கலாம்,
நான் பூட்ஸுக்குள் தண்ணீர் போவதைத்தான் யோசித்தேன்.
"எழுந்திருக்க வேண்டும் நீங்கள்."
அவள் என் காலைப் பார்த்தாள்.
ஈர மணலில், கணுக்கால் வரை.
"நீ எதைப் பிடிக்க வந்தாய்?"

கோலை ஊன்றி எழுந்து போனாள்.
மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை.
மகள் டெசாவோடு போனேன், சொந்தக் கால்சட்டையில்.
ராய்ஸ் முறைக்காவல்.
என்னோடு ஒரே டப்பாவில் சாண்ட்விச் தின்கிறவன்,
முகத்தை எங்கேயோ கழற்றி வைத்துவிட்டு வந்தவன்போல் கேட்டான்:
"காரணம்?"

சட்டைப்பையில் வெற்றுப் பதிவுத்தாள் ஒன்று இருந்தது.
மடித்தேன்.
காகித ஆலைக்காரன் மகனுக்குத் தெரிந்த ஒரே தச்சுவேலை.
டெசா குனிந்து நீரில் விட்டாள்.
நாலு அலை தாங்கியது.

திங்கள் காலை பதிவேட்டைத் திறந்தால்
ராய்ஸின் கோணல் எழுத்து:
2.40. படகு, ஒன்று. ஆட்கள், இருவர். சரக்கு: இல்லை.
பக்கத்தில் எதையோ எழுதி அடித்திருந்தான்.
வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன்: மூழ்கியது.

மணி ஆறு எட்டு.
ஓதம் வற்றிக்கொண்டிருக்கிறது.
பேனாவைத் திறந்து வைத்திருக்கிறேன்.