படம் மட்டும் பொய்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில்
டயர்க் கடைக்கு மேலே மூன்றாவது மாடி.
கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம்
மேசை நடுங்கும், டம்ளரில் தேநீர் வட்டம் போடும்.
நாங்கள் நான்கு பேர். இரண்டு மின்விசிறி.
ஊர் அனுப்பும் சேதிகளில்
எது நிஜம் என்று பார்த்துச் சொல்வது வேலை.

சித்திரையில் ஒரு செவ்வாய் இரவு
அந்தப் படம் வந்தது.
மஞ்சள் புகை, அதன் கீழே
முந்தானையால் மூக்கைப் பொத்திய பெண்கள்.
"எர்ணாவூரில் இப்போது. எல்லாருக்கும் அனுப்பு."
அனுப்பியவர்களில் என் அக்காவும் உண்டு.
அவள் பெயரை எழுதவில்லை.
பயந்து அனுப்பிய யார் பெயரையும்
நாங்கள் எழுதுவதில்லை.

படத்தை வைத்தே படத்தைத் தேடினேன்.
கடைப் பலகையில் பாதி எழுத்து, தமிழ் இல்லை.
பேருந்தின் நிறம் நம்முடையது இல்லை.
ஆறு வருடத்துக்கு முன், வேறொரு மாநிலத்தில்
சாயப்பட்டறை எரிந்த ஒரு மதியம்.
எடுத்தவரையே போனில் பிடித்தேன்.
பதினொன்றே முக்காலுக்குச்
சிவப்பில் முத்திரை குத்தினேன்: பொய்.
ஹெப்சிபா படித்துவிட்டு
ஒரே ஒரு காற்புள்ளியை எடுத்தாள்.
நன்றாகத் தூங்கினேன்.

வியாழக்கிழமை
ஆலையின் வாசலில் என் முத்திரை,
ஆள் உயரத்துக்கு அச்சடித்து ஒட்டியிருந்தார்கள்.
எதுவும் கசியவில்லை என்பதற்கு
நான் சாட்சி.
மேலாளர் கூப்பிட்டு நன்றி சொன்னார்.
உங்களைப் போன்றவர்கள் வளரணும் சார்,
விளம்பரம் ஏதாவது, என்று இழுத்தார்.
வேண்டாம் என்றேன்.
வாங்காமலே விற்றுவிட்டோமோ என்று
வயிற்றில் ஏதோ புரண்டது.

சாயங்காலம் ஏகவல்லி வந்தாள்.
மூச்சு வாங்க, முழங்கை வரை மீன் செதிலோடு.
"நீதானா பொய்யின்னு போட்ட ஆளு?
போட்டோவ பார்த்த, சரி.
என் கண்ண பார்த்தியா?
புள்ளைய தூக்கினு பஸ் ஸ்டாண்டு வரிக்கும் ஓடுனேன்.
அந்தப் படத்த எவன் போட்டான்னு எனக்குத் தெரியாது.
நாத்தம் போட்டோல வருமா? சொல்லு."

வராது.

நம் கட்டுரை படத்தைப் பற்றித்தானே,
அதில் ஒரு வரி தப்பில்லையே என்றான் முனாவர்.
சொன்னது சரி.
ஆறு வருடம் பின்னால் போயிருந்தேன்,
ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிப் போயிருந்தேன்.
எர்ணாவூருக்கு ஷேர் ஆட்டோவில் முப்பது ரூபாய்.
போகவில்லை.

மறுநாள் போனேன்.
பத்தொன்பது வீடு.
சுகாதார நிலையத்துப் பதிவேட்டில் அந்த இரவு
கண் எரிச்சல், கண் எரிச்சல், நாய்க்கடி, கண் எரிச்சல்.
காற்றை அளக்கும் கருவி
அன்றைக்குப் பழுதாம்.
ஆலைக்கும் எழுதிக் கேட்டேன்;
நன்றி சொன்ன மேலாளர் இப்போது போன் எடுப்பதில்லை.

கசிந்தது என்று எழுத விரல் துடித்தது.
எழுதினால் கைதட்டல் கிடைக்கும்.
அக்காவும் இரண்டாவது முறை அனுப்புவாள்.
"உனக்குத் தெரியுமா, இல்ல தோணுதா?"
என்றாள் ஹெப்சிபா, திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

திருத்தத்தை அடியில் ஒளிக்கவில்லை.
தலைப்புக்கு மேலே, அதே அளவு எழுத்தில் போட்டோம்.
படம் பொய்.
அந்த இரவு கண் எரிந்ததாகப் பத்தொன்பது வீடு சொல்கிறது.
எதனால் என்று எங்களுக்கு இன்னும் தெரியாது.
இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்,
கேட்கவில்லை.

பொய் என்றதை நாற்பதாயிரம் பேர் பகிர்ந்தார்கள்.
தெரியாது என்றதை முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
ஆலை வாசலில் பழையதே ஒட்டியிருக்கிறது,
வெயிலில் சிவப்பு மட்டும் கொஞ்சம் வெளுத்து.
"தெரியாதுன்னு போடவா மூணு மாடி ஏறுனேன்?"
ஏகவல்லி கேட்டாள்.
கிளம்பும்போது கூடையிலிருந்து எடுத்து நீட்டிய சங்கராவை
விலை கொடுக்காமல் வாங்க மாட்டேன் என்றேன்.
அதற்கும் திட்டினாள்.

இன்று இரவு, பதினொன்று பத்து.
காற்று வடக்கிலிருந்து.
ஜன்னலில் ஏதோ வாசம், நாக்கின் ஓரத்தில் கசப்பு.
நோட்டில் நேரம் எழுதினேன், திசை எழுதினேன்.
பக்கத்துக் கட்டத்தில், என்ன வாசம் என்பதற்கு
இடம் விட்டு வைத்தேன்.
பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு
கீழே இறங்கினேன்.