மூன்றாம் மதகு

ஆவணி பிறந்துவிட்டால்
மாம்பழக் கூழ் ஆலையில் வேலை கிடையாது.
எடைமேடையில் ஏற ஒரு லாரி வராது.
கண்ணாடி அறையில் நான், ஒரு மின்விசிறி,
தோத்தாபுரித் தோலின் புளித்த நெடி,
ஆலைக்குச் சொந்தமான பழைய கணினி.

அப்படி ஒரு மத்தியானம்தான்
சீங்கம்பள்ளி ஏரி என்று தட்டினேன்.
விக்கிப்பீடியாவில் இருந்தது.
இரண்டே வரி.
கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள ஓர் ஏரி.
காவேரிப்பட்டணத்துக்கு மேற்கே உள்ளது.
கீழே பொடி எழுத்தில்:
இது ஒரு குறுங்கட்டுரை,
நீங்களும் விரிவாக்கலாம்.

நீங்களும் என்றால்
நானுமா?

மேலே 'தொகு' என்று ஒரு சொல்.
பள்ளிக்கூடத்தில் தொகை என்றால் உம்மைத்தொகை.
ஆலையில் தொகை என்றால் பாக்கி.
இங்கே என்னவென்று தெரியாமலே அழுத்தினேன்.
பெயர் கேட்டது.
குமுதவல்லி என்று போடக் கூச்சமாக இருந்தது,
எடைமேடை24 ஆனேன்.
எழுதினேன்:
இந்த ஏரிக்கு மூன்று மதகுகள் உள்ளன.
சேமித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.
கை கொஞ்சம் நடுங்கியது,
உலகமே அந்த மூன்றை எண்ணுகிற மாதிரி.

திரும்பி வந்தால் மூன்றும் இல்லை.
நான்கு நிமிடம்.
வெள்ளிவாலன் என்கிற பயனர்
பழையபடி ஆக்கியிருந்தார்.
காரணம்: மேற்கோள் இல்லை.

மேற்கோளா?
மூன்றாம் மதகின் வாயில்
என் ஒற்றைச் செருப்பு போயிருக்கிறது, வெள்ளிவாலரே.
நீலப் பட்டை. ஏழாம் வகுப்பு.
பேச்சுப் பக்கத்தில் அப்படியே எழுதினேன்.
மரியாதையாகத்தான் பதில் வந்தது:
வணக்கம், வருக. செருப்பு சான்றாகாது.
மணல்தொட்டியில் பழகிப் பாருங்கள்.

மணல்தொட்டி.
முப்பத்தெட்டு வயதில்.

கோபம் ஆற இரண்டு நாள்.
பிறகு யோசித்தால் நானும் அப்படித்தான்.
"பதினோரு டன்னு, கண்ணாலயே சொல்லுவேன்க்கா"
என்று ஓட்டுநர் முனிரத்தினம் சொன்னால்
"மேடையில ஏத்துங்க" என்பேன்.
அவர் கண்ணை நம்பாமல் இல்லை.
சீட்டில் கண்ணை அச்சடிக்க முடியாது.

மணலில் இறங்கினேன்.
இரட்டைச் சதுர அடைப்புக்குள்
மதகு என்று போட்டேன், நீலமானது.
சீங்கம்பள்ளி என்று போட்டேன், சிவந்தது.
சிவப்பு என்றால்
இன்னும் யாரும் எழுதவில்லை என்று பொருளாம்.
என் ஊரே சிவந்து கிடந்தது.

பொதுப்பணித்துறை அலுவலகத்தில்
எழுத்தர் திம்மராயன்
"எதுக்கும்மா, நிலத் தகராறா?" என்றார்.
கட்டுரைக்கு என்றேன்.
காலேஜா? இல்லை.
பத்திரிகையா? இல்லை.
காசு வருமா? இல்லை.
கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு முறை பார்த்துவிட்டு
பதிவேட்டை எடுத்து வந்தார்.
மதகுகள்: இரண்டு.

முத்திரை, கையெழுத்து, பக்க எண்
எல்லாம் இருந்தன.
மூன்றைத் தவிர.

அன்று இரவு நானே தட்டினேன்:
இந்த ஏரிக்கு இரண்டு மதகுகள் உள்ளன.
மேற்கோளோடு.
யாரும் அழிக்கவில்லை.
வெள்ளிவாலன் நன்றி அனுப்பியிருந்தார்.
செருப்பு போன கால் மட்டும் குறுகுறுத்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன்.
எருக்கஞ்செடியை விலக்கிப் பிடித்துக்கொண்டு
ஒற்றைக் கையால் படம் எடுத்துப்
பொதுவகத்தில் ஏற்றினேன்.
விவரம்: ஏரியின் தென்கரையில் ஒரு கல் அமைப்பு.
மதகு என்று எழுதவில்லை.
பார்க்கிறவர் பார்த்துக்கொள்ளட்டும்.

மார்கழியில்,
எண்களையே பெயராகக் கொண்ட யாரோ ஒருவர்
சேர்த்திருந்தார்:
இந்த ஏரி கெண்ட மீனு செம ருசி.

உண்மை.
புளி தூக்கலாகப் போட்டு மறுநாள் காலையில் தின்றால்
முள்ளைத் துப்ப மனம் வராது.

மீளமை என்ற சொல்லின் மேல்
சுட்டி நின்றுகொண்டே இருந்தது.
காரணம் கேட்டது கட்டம்.
மேற்கோள் இல்லை என்று அடித்தேன்,
அழித்தேன்.
'உண்மைதான், ஆனாலும்' என்று அடித்தேன்.

சேமித்த பிறகு மணி பார்த்தேன்.
ஐந்து நிமிடம்.
வெள்ளிவாலனைவிட
ஒன்று தாமதம்.