ஏழாவது கம்பம்

எங்கள் சபைக்கு வயது பதினான்கு.
பேரணாம்பட்டு ரோட்டில் சம்பங்கியின் லேத் பட்டறை,
ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு கூடும்.
இரும்புத் தூள்மேல் நாளிதழ் விரித்து உட்காருவோம்.
எழும்போது யாராவது ஒருவர் பின்புறத்தில்
நேற்றைய தலையங்கம் ஒட்டியிருக்கும்.

அங்கே கவிழாத மந்திரிசபை இல்லை.
வாஜித் ஒருமுறை காவிரிக்கே தீர்வு சொன்னான்,
மலட்டாற்றுக்குத்தான் சொல்ல வரவில்லை.
முனிரத்தினம் எதையும் ஆதாரத்தோடு பேசுவான்:
ஆண்டு, பக்கம், அடிக்குறிப்பு.
நான் எதிர்ப்பேன்.
எதை என்பது
அவன் பேசி முடித்த பிறகு முடிவாகும்.

அன்றைக்கு ஆம்பூர் கம்பெனி பஸ்
ஒன்பது மணிக்கு வந்தது. ஓவர்டைம்.
ஷட்டருக்கு அடியில் முதலில் செருப்புக் கால்கள்,
பிறகு சாப்பாட்டுக் கூடை,
பிறகு குனிந்த முகம்: ரேணுகாம்பாள்,
ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறவள்.

"டார்ச் லைட்டு கீதாண்ணா?
செல்லு செத்துப்பூட்ச்சு.
ஏரிக்கர வளைவுல ரெண்டு நாளா ஒருத்தன் நிக்கறான்."

சம்பங்கி டார்ச் தேடினான்.
"தெருவிளக்குகூட இல்லாத ஒரு தேசத்தில்..."
முனிரத்தினம் தொடங்கிவிட்டான்.

"தேசத்த உடு சார்.
ஒம்போது கம்பம். அதுல எத்தினி எரியுது?"

தினமும் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறோம்.
எண்ணியதில்லை.

"எரியலன்னா யார்கிட்ட எழுதித் தரணும்?"

நிறுத்திய லேத் சூடு ஆறுகிற சத்தம்
டிக், டிக்.
ஐ.நா. சபை விதிகள் தெரிந்த நாங்கள்
கிராம சபை கூடும் தேதிக்கு
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

அவளோடு நடந்தோம்.
நான்காவதில் பல்பு இல்லை.
ஏழாவதில் பல்பு உண்டு, கம்பி இல்லை.
எட்டாவதைப் பூசணிக்கொடி எடுத்துக்கொண்டிருந்தது.
எரிவது இரண்டு, அதில் ஒன்று பகலிலும்.
வாஜித் சாக்பீஸால் எண் போட்டுக்கொண்டே வந்தான்.
வளைவில் நின்றவன்
எங்களை ஏதோ சர்வே ஆட்கள் என்று நினைத்து
பீடியை மிதித்துவிட்டுப் போனான்.

மனுவின் முதல் வாக்கியத்துக்கே
நான்கு இரவு சண்டை.
முனிரத்தினத்தின் வரைவு மூன்று பக்கம்,
அரசியல் சாசனத்தில் ஆரம்பித்து
இரண்டாம் பக்கத்தில்தான் எங்கள் ஊருக்கு வந்தது.
ரேணு வாங்கிப் படித்தாள்.
பின்பக்கம் திருப்பி எழுதினாள்:
ஒண்ணு, எரியல. ரெண்டு, எரியுது. மூணு, எரியல.

எனக்குக் கொடுத்தது மேட்டுத்தெரு.
முதல் வாசலிலேயே உரையாற்றினேன்.
"அடுப்புல பாலு கீது,
எங்க கையெழுத்து போடணும், அத்த காட்டு"
என்றாள் அந்த அம்மா.
நாள் முழுக்க அலைந்து பதினேழு.

பஸ்ஸிலேயே பெண்கள் வாங்கியது
நூற்று நாற்பத்து மூன்று.
பள்ளத்தில் பஸ் குதித்த இடமெல்லாம்
கையெழுத்தும் குதித்திருந்தது.

ஆகஸ்ட் பதினைந்து.
வழக்கமாக நோட்டுதான் வீடு வீடாகப் போகும்,
கிராம சபை அதற்குள் கூடி முடிந்துவிடும்.
இந்தத் தடவை மிட்டாய் போதவில்லை.
வரவு செலவைப் படித்துவிட்டுச் செயலாளர் எழுந்தபோது
ஷாமியானாவுக்குள் யாரும் எழவில்லை.
ரேணு ஒன்பதையும் படித்தாள்.
"தீர்மானத்துல எழுதுங்க சார்."
எழுதினார்.
"எழுதுனத படிங்க."
அவர் கைக்குட்டையை எடுத்து
முதலில் கண்ணாடியைத் துடைத்தார்.

ஐப்பசிக்குள் ஆறு எரிந்தன.
எட்டாவதுக்குக் கொடிக்காரர் ஒப்பவில்லை,
காய் முற்றட்டும் என்கிறார்.
ஏழாவது மின்வாரியத்தில் எங்கோ நிற்கிறது.

மந்திரிசபைகள் இப்போதும் கவிழ்கின்றன, பொய் சொல்வானேன்.
ஆனால் பஸ் வந்ததும் ஷட்டருக்கு அடியில் குரல்:
"ஏழு இன்னா ஆச்சு?"
முனிரத்தினம் ஆதாரத்தோடு சொல்கிறான்:
மனு எண், தேதி, இளநிலைப் பொறியாளர் விடுப்பு.
எதிர்க்க எனக்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

நேற்று மழை.
வீட்டுக்குப் போகிற வழியில்
அழிந்துபோன அந்த எண்ணை
மறுபடி எழுதிவிட்டு வந்தேன்.
இந்தத் தடவை பெயிண்டில்.