கோட்டுக்குக் கீழே

லட்சம் பேருக்கு எத்தனை நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கும்
என்று கேட்டிருக்கிறார்கள்.
வெள்ளிக்கிழமைக்குள்.
சோமனூருக்கும் பல்லடத்துக்கும் நடுவே
மூன்று மாதம் எக்ஸ்ரே வண்டியில் குலுங்கியவள் நான்.
புள்ளியியல் படித்ததும் நான் ஒருத்திதான்.

போன வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில் திறந்தது நாற்பத்தொன்று.
அதையே தேவை என்று எழுதிவிடலாமே என்றார் கண்காணிப்பாளர்.
ஓட்டலில் விற்ற இட்லியை எண்ணி
ஊரின் பசியைச் சொல்லச் சொல்கிறார்.
நான் டீயைக் குடித்தேன்.

கோட்டுக்கு மேலே நோய், கீழே ஊர்.
பள்ளிக்கூடத்துப் பின்னம்தான்.

மேலே முதலில் பொங்கியண்ணன், ஐம்பத்திரண்டு, விசைத்தறி.
வலது நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டி
கொட்டாங்குச்சியாய் இறுகியிருக்கிறது.
"இருமலுங்களா? தறி ஓடறப்ப தெரியறதில்லீங்க.
கரண்ட் போனாத்தானுங்க
இருமறோம்னே தெரியும்."
தேவை: ஆம். டிக் போட்டேன்.
"ஆப்பரேசன் பண்ணிப் படுத்துட்டா
தறிய ஆருங்க ஓட்டறது?"
இதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

கீழே எழுதுவது இன்னும் கடினம்.
நூற்பாலை விடுதிக் காவலாளி உள்ளே விடவில்லை;
அறுபது பேர் என்றது அவர் காட்டிய பதிவேடு.
சுற்றிக்கொண்டு கொல்லைப்புறம் போனேன்.
கழுவி வெயிலில் கவிழ்த்த தட்டு
நூற்றுப் பதினான்கு.
ஒடிசாவிலிருந்து வந்த துருவ நாயக்
தன் தட்டை எடுத்துக்கொண்டு போனான்,
பஞ்சு ஒட்டிய புருவத்தோடு.
தட்டுக்கு ஒரு நெஞ்சு என்று குறித்துக்கொண்டேன்.

கரடிவாவியில் பாவாத்தாள்
பீரோவுக்கு மேலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்தார்.
"கிரகணம் பாக்கப் பசங்க கொண்டுபோயிருவாங்க,
அதாங்க ஒளிச்சு வெச்சிருக்கறன்."
சூரியனைப் பார்த்துப் பிடித்தேன்.
இடது மேல் மடலில் எட்டணா அளவு வெள்ளை.
அன்றைக்கு எடுத்திருக்கலாம்.
வீட்டுக்காரர் போய் ரண்டு வருசமாச்சுங்க என்றார்.
செத்தவரை எந்த வருஷத் தேவையில் சேர்ப்பது?
பென்சிலால் எழுதினேன். அழித்தேன்.
மறுபடி எழுதினேன்.

இருநூற்றுப் பன்னிரண்டு.
நூற்றைம்பதாகவும் இருக்கலாம்,
முந்நூற்றுத் தொண்ணூறாகவும்.
"இந்த இழுவையெல்லாம் வேண்டாம்மா,
ஒரே எண்ணாப் போடுங்க."

ராத்திரி பதினொன்றரை. அறிக்கை மடியில்.
என் தெருவிலும் தறிதான்,
அந்தச் சத்தத்தில்தான் தூங்கிப் பழக்கம்.
கரண்ட் போனது.

ஒன்று, எதிர்வீடு.
இரண்டு, மூன்று, லைன் வீடுகளிலிருந்து.
குழந்தையா? அதையும் சேர்த்தேன்.
ஏழு வரை வந்திருந்தேன்,

கரண்ட் வந்துவிட்டது.