மின்வெட்டுக்குக் காத்திருந்தது

இரவு பத்தேகால். டர்பன், உம்பிலோ சாலை, மூன்றாம் மாடி.
ஒரு டப்பா சமோசா, நான்,
திரையில் டோங்காட் கிளினிக்கின் ரவுட்டர்.
எட்டு போர்ட், எட்டு வரி.
பெட்டி இருப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி,
கரும்புக்கு நடுவே, பூட்டிய அலமாரியில்.

முதல் போர்ட்டுக்குப் பெயர் வைத்தேன்: வாசல்.
இரண்டு, பதிவு மேசை. நான்கு, மருந்தகம்.
ஐந்தில் ஏற்கெனவே ஒரு குறிப்பு இருந்தது:
"அணைக்காதே. தடுப்பூசி ஃப்ரிட்ஜ். பெருமாள்."
பெருமாள் வேலையை விட்டு ஆறு வருடம்,
பெர்த்தில் டாக்ஸி கம்பெனி வைத்திருக்கிறாராம்.
அவர் பேச்சை மீறவில்லை.

மூன்றில்தான் தலைமையகத்துக் கோடு.
அதன் வழியாகத்தான் நான் உள்ளே போயிருந்தேன்.
புது ஐபி முகவரியை முதலில் சேர்,
அதன் வழியே வந்து பார்,
அப்புறம் பழையதை நீக்கு:
பயிற்சி வகுப்பில் நானே
தொண்டை வற்றச் சொல்லும் வரிசை.

பழையதை நீக்கினேன்.

திரை சாம்பலானது. அவ்வளவுதான்.
நுனிக்கிளையில் உட்கார்ந்து அடியை வெட்டுகிறவனுக்காவது
மரம் முறிகிற சத்தம் கேட்கும்.

காலை ஏழுக்கு அங்கே வரிசை நிற்கும்.
சர்க்கரை, பிரஷர், காசநோய் மாத்திரை,
எல்லார் கோப்பும் இங்கே, டர்பனில்.
காவலர் துலானி செலேயைக் கூப்பிட்டேன்.
சாவி சிஸ்டர் பொன்னுசாமியிடம்,
சிஸ்டர் வெருலத்தில், அவர் போன் தூக்கத்தில்.
"கண்ணாடி வழியே பார்க்கலாம் மிஸ், தொட முடியாது."
டார்ச்சை அணைத்துவிட்டு விளக்குகளைப் படித்தார்:
"பச்சை. பச்சை. மூணாவது மினுக்குது."
கம்பிக்கு உயிர் இருந்தது.
விலாசம்தான் போய்விட்டது.

அப்போதுதான் உறைத்தது,
நான் 'சேமி'யை அழுத்தவே இல்லை.
செய்ததெல்லாம் மின்சாரம் இருக்கும்வரைதான்.
அணைந்து எழுந்தால் பெட்டி பழைய பெட்டி.
மூன்று மாதமாக மன்றாடியும் வராத பேட்டரியே,
வராமலே இரு.
அட்டவணையைத் திறந்தேன்.
டோங்காட்: பன்னிரண்டு முதல் இரண்டரை.
ஃப்ரிட்ஜுக்கு ஜெனரேட்டர் தனி. பயமில்லை.

இந்த நாட்டில் மின்வெட்டை வேண்டிக்கொண்டு உட்கார்ந்த
முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பன்னிரண்டு. "வெளிச்சம் இருக்கு மிஸ்."
பன்னிரண்டு நாலு. "இருக்கு."
வருடம் முழுக்க என் சோற்றுப் பானையை
நொடி தவறாமல் பாதியில் நிறுத்துகிறவர்களுக்கு
இன்றைக்கு என்ன வந்தது?
பன்னிரண்டு ஒன்பது.
"ஹாவ், போச்சு" என்றார்,
துக்க வீட்டுக் குரலில்.
நான் கை தட்டினேன்.
எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

பிறகு நீளமான இருட்டு, அவருக்கு.
எனக்கு ஆறிப்போன சமோசா,
ஜன்னலில் துறைமுகத்துக் கிரேன்கள்.
அவர் பெயருக்கு 'அமைதியாயிருங்கள்' என்று அர்த்தமாம்,
அம்மா வைத்தது, வீட்டில் ஏழு பிள்ளைகள்.

இரண்டு முப்பத்தாறுக்கு முதல் பதில் வந்தது,
பழைய முகவரியிலிருந்து.
என் தவறு அதற்கு ஞாபகமில்லை.
நான் வைத்த பெயர்களும்தான்.
வாசல் மறுபடி வெறும் ஒன்று.
பெருமாள் மட்டும் இருந்தார்,
ஐந்தில், அணைக்காதே என்றபடி.
அவர் சேமித்துவிட்டுப் போனவர்.

சேர்த்தேன். புது வழியே வந்து பார்த்தேன்.
நீக்கினேன். சேமித்தேன்.
இன்னொரு தரம் சேமித்தேன்.
மூன்றின் குறிப்பில் எழுதினேன்:
"முதலில் சேர். அப்புறம் நீக்கு. தேவாஷினி."

"என்னதான் கோளாறு, மிஸ்?"
விடிந்ததும் மேலாளரும் அதையேதான் கேட்பார்.
படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.
காரணம்:
மின்வெட்டு என்று நிரப்பினேன்.