ஆணிப் பெட்டிக்குள் வானொலி

நாலாவது வாரம்தான் மோசம்.
முதல் வாரம் எல்லாரும் பார்த்தார்கள்,
கடைசி வாரமும் பார்ப்பார்கள்.
நடுவில் கிடக்கும் இந்தப் புதன்கிழமைக்கு
நானும் ஒரு வானொலியும்தான்.

இங்கிலாந்தில் மாலை வெயிலாம்.
யாரோ கொண்டுவந்த எலுமிச்சைக் கேக்கைப் பற்றி
வர்ணனைக்காரர் இரண்டு ஓவர் பேசுகிறார்.
இங்கே, கோர் ஊருக்குத் தெற்கே,
விடியற்காலை ஐந்தேகால், ஜூலை.
வேலிக்கம்பி பனியில் விறைத்திருக்கிறது.
முந்நூற்று எண்பது சினைமாடுகள்
தீவன பீட் வரிசைக்கு முன்னால்
மூச்சுவிட்டுக்கொண்டு நிற்கின்றன.
நான் கம்பியை நகர்த்தினால்தான்
அவற்றுக்குப் பொழுது விடியும்.

ஆடுவது யார் என்று கேட்காதீர்கள்.
எங்கள் அணி இல்லை.
ஆனால் இவர்கள் தோற்றால்,
அதுவும் நாற்பது ரன்னுக்கு மேல் தோற்றால்,
நாளை மறுநாள் இன்னொரு ஊரில் மழை பெய்தால்,
நாங்கள் நாலாவது இடம்.
பள்ளிக்கூடத்தில் தசமத்துக்குப் பயந்தவள்
ரன் ரேட்டை மூன்றாம் புள்ளி வரை
டிராக்டர் கண்ணாடிப் பனியில்
விரலால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.
அடுத்தவன் ஊர் மழைக்கு
வேண்டிக்கொள்ளும் பிழைப்பு.

ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் விட்டுவிட்டேன்.
இரண்டு முறை வானொலியை
ஆணிப் பெட்டிக்குள் போட்டு மூடினேன்.
"கன்று போடும் மாதம் வருகிறது,
தூக்கத்தைச் சேர்த்து வை" என்கிறார் யூவன்.
அவர் சொல்வது நியாயம்.
ஆட்டக்காரர்களின் பெயர்கள் குழம்பிவிட்டன.
ஓவருக்கு ஓவர் வரும் டயர் விளம்பரத்தில்
டயரின் விலை மட்டும் மனப்பாடம்.

தம்பி ஃபெர்கஸ் கல்கூர்லியில் இருக்கிறான்,
தங்கச் சுரங்கத்தில் மெக்கானிக்.
அப்பாவின் ஆற்றோர நிலத்தை விற்றதிலிருந்து
நாங்கள் பேசுவதில்லை.
கையெழுத்துப் போட்டது நான்.
அடிமாட்டு விலை என்றது அவன்.
ஒன்பது வருஷம்.
ஆனால் நாலு வருஷத்துக்கு ஒரு முறை
முதல் ஆட்டத்தில் டாஸ் போட்டதும்
என் கைபேசி அதிரும்.
"நாம் பேட்டிங்கா?"
நலமா என்பதெல்லாம் கிடையாது.
"இவனை எவன் எடுத்தான்?"
"என்னைக் கேட்டா எடுத்தார்கள்?"
"கேட்ச் விட்டானே, பார்த்தாயா?"
"பார்க்கவில்லை. கேட்டேன்."
ஒரே ஒரு தடவை
"முதுகுவலி எப்படி?" என்று எழுதினான்.
நான் பதில் யோசிப்பதற்குள்
விக்கெட் விழுந்தது.
நிம்மதியாக இருவரும்
விக்கெட்டைப் பற்றிப் பேசினோம்.

அதனால் இது முடியக் கூடாது.
சீக்கிரம் முடிந்தும் தொலைய வேண்டும்.

அரையிறுதியில் பதினொரு ரன்னில் தோற்றோம்.
மழை வரவில்லை.
சொல்ல வெட்கமாக இருக்கிறது,
எனக்கு அழுகை வரவில்லை.
தீவன மூட்டையை இறக்கி வைத்ததுபோல
தோள் இரண்டும் லேசாயின.
"போச்சு" என்றான். "போச்சு" என்றேன்.
அதற்குமேல்
கைபேசி மேசையில் குப்புறக் கிடந்தது.

இறுதி ஆட்டத்தில் எங்களுக்கு என்ன வேலை?
எவன் ஜெயித்தாலும் பால் விலை ஏறாது.
சீக்கிரமே படுத்தேன்.
இரண்டரைக்கு விழிப்பு வந்துவிட்டது.
ஆறு வாரம் பழகிய உடம்பு
தோற்றதை இன்னும் கேள்விப்படவில்லை.
கொட்டகைக்குப் போய் ஆணிப் பெட்டியைத் திறந்தேன்.
யாரோ ஓர் இடக்கைப் பையன்
தொண்ணூற்றெட்டில் நிற்கிறான்.
அவன் நாட்டை வரைபடத்தில் காட்டச் சொன்னால்
தடுமாறுவேன்.
ஆனாலும் என் தொண்டை ஏன் உலர்கிறது?

"தூங்கிவிட்டாயா?" என்று ஃபெர்கஸுக்கு எழுதினேன்.
அனுப்பிய பிறகுதான் உறைத்தது,
அதில் கிரிக்கெட்டே இல்லை.
பதறிப்போய் இன்னொன்று சேர்த்தேன்:
"ஸ்கோர் என்ன?"

நாய் ஒரு தடவை எழுந்து படுத்தது.
பிறகு வந்தது:
"உன் வானொலி என்ன ஆச்சு?"

"பேட்டரி தீர்ந்துவிட்டது" என்று எழுதினேன்.
பொய்யாகிவிடக் கூடாதே என்று
வானொலியை அணைத்தேன்.

கம்பி நகர்த்த இன்னும் இரண்டரை மணி நேரம்.
பந்துக்குப் பந்து எழுதத் தொடங்கினான்.
"காலில் பட்டது. ரன் இல்லை."
"மறுபடியும் இல்லை."
"பையன் பயப்படுகிறான்.
கையுறையைக் கழற்றி மாட்டுகிறான்.
இரு."